குடிக்க இல்லை, கரைக்க

மொன்றியலின் கோட்-டே-நேஜில் பிளமொண்டன் மெட்ரோவுக்குப் பக்கத்திலோ பார்க் எக்ஸ்டென்ஷனிலோ, தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து இருக்கிற கட்டடம் எதுவானாலும் அங்கே ஸ்ப்ரே அண்ணை ஒருவர் இருப்பார். எந்த மாடி என்று கேட்கத் தேவையில்லை. படியேறும்போது முதலாம் மாடிவரை வெங்காயமும் பெருஞ்சீரகமும் வரும். அதற்கு மேலே வெங்காயமும் பெருஞ்சீரகமும் லவெண்டரும் வரும்.

அறுபதைத் தாண்டியவர். ஷாபனெல் தெருவின் உடுப்புத் தொழிற்சாலைகளில் காலம் தள்ளி ஓய்வெடுத்தவர். கையைச் சும்மா வைத்திருக்க இன்னும் பழகாதவர். இருப்பது நாலரை வீடு. மொன்றியலில் வீட்டை அறைக்கணக்கில் சொல்வார்கள்; அந்த அரை என்பது குளியலறை. அந்த அரையைத்தான் அண்ணை ஆய்வுகூடம் ஆக்கியிருக்கிறார். பிள்ளைகள் முகம் கழுவுவதென்றால்கூட முதலில் போத்தல்களுக்கு வேறிடம் பார்க்க வேண்டும்.

இந்த வித்தைக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை, தள்ளிவிடப்பட்டார். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை பின்னேரம் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவார். ஒரு மாசி மாதம், புகை எலார்முக்குப் பக்தி இல்லை என்பது தெரியவந்தது. கட்டடம் முழுக்க அலறியது. உறைபனியில் சாரத்தோடும் செருப்போடும் சனம் தெருவில் நிற்க, தீயணைப்பு வண்டி வந்து, தலைக்கவசம் போட்ட நாலு பேர் ஏறிப்போய் ஒரு மண்சட்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணையின் கையில் முதல் ஸ்ப்ரே போத்தல் இருந்தது.

தண்ணீரில் பத்துத் துளி சந்தன எண்ணெய் விட்டுக் குலுக்கினால் முடிந்தது என்றுதான் எல்லாரையும் போல அவரும் நினைத்தார். எண்ணெய் மேலே போய் மிதந்தது. உறிஞ்சும் குழாயின் வாய் போத்தலின் அடியில் இருப்பதால் ஒரு கிழமைக்கு வெறும் தண்ணீர்தான் வந்தது. கடைசியில் எண்ணெய் தனியாக வந்து சோபாவில் கறை வைத்தது. நிலத்தில் விழுந்த மிச்சத்தில் மாமி ஒருவர் சறுக்கினார்.

எண்ணெயைக் கரைக்க மதுசாரம் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். இங்கேதான் அண்ணையின் மானப்பிரச்சினை தொடங்குகிறது. கியூபெக்கில் பியரும் வைனும் மூலைக்கு மூலை டெப்பனர் கடையில் கிடைக்கும். வொட்கா வாங்க அரசாங்கத்தின் எஸ்.ஏ.கியூ. கடைக்குத்தான் போக வேண்டும். அண்ணை தேரடித் தொண்டர், செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி, வாழ்நாளில் ஒரு மிடறு தொடாதவர். தலையில் தொப்பியை இழுத்துவிட்டு இரண்டு போத்தல் வொட்காவோடு வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவர் கோயில் பொருளாளர். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். அண்ணைதான் முதலில் வாய் திறந்தார்: “இது குடிக்க இல்லை, கரைக்க.” பொருளாளர், “எனக்கும் அப்பிடித்தான் அண்ணை” என்றார்.

வொட்காவிலும் மானம் காப்பாற்றப்படவில்லை. அதில் மதுசாரம் 40 சதவீதம்தான், மிச்சமெல்லாம் தண்ணீர். எண்ணெய்க்கு அது போதாது. கொஞ்சம் கரைவது போலக் காட்டிவிட்டுத் திரும்பவும் மேலே வந்து நின்றது. அண்ணை 94 சதவீதத்துக்கு ஏறினார். அதில் எண்ணெய் கண்ணாடி போலக் கரைந்தது. ஆனால் தண்ணீரைச் சேர்த்த உடனே முழுவதும் பால் நிறமாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதென்று ஊற்றப்போனவரை அடுத்த கதவுப் பிரெஞ்சுக் கிழவர் தடுத்தார். அவருடைய சோம்பு மதுவில் தண்ணீர் விட்டாலும் இதே நடக்கும். மதுசாரம் மெலிய மெலிய எண்ணெய் நுண்ணிய துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. அந்தக் கலங்கலுக்காகத்தான் அவர் காசு கொடுக்கிறாராம்.

இதைவிட நேரான வழி ஒன்று உண்டு. பொலிசோர்பேட் 20 என்று தேன் மாதிரித் தடித்த ஒரு திரவம் கிடைக்கிறது. முதலில் எண்ணெயை அதோடு நன்றாகக் கலந்து, பிறகு தண்ணீரை மெல்ல மெல்ல விட்டால் பிரியாது. வரிசையை மாற்றினால் சரிவராது. அண்ணை இதை ஒரு மந்திரம் போலக் கற்றுக்கொண்டு எல்லாருக்கும் ஓதுவார். “முதல் எண்ணெய், பிறகு பொலி, கடைசியிலை தண்ணி. தம்பி, திருப்பிச் சொல்லும் பாப்பம்.” வீட்டில் அவசரத்தில் தண்ணீரை முதலில் விடுவதும் அவரேதான்.

அவருடைய படைப்புகளுக்குப் பெயரும் ‘லேபலும்’ உண்டு. 1977இல் வந்த கியூபெக்கின் 101ஆம் சட்டம் வணிகத்தில் பிரெஞ்சுக்கு முதலிடம் கேட்கிறது. குளியலறையில் செய்து இனாமாகக் கொடுக்கிற போத்தலைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஆனாலும் “ஏன் வில்லங்கம்” என்று அண்ணை பிரெஞ்சைப் பெரிதாக மேலேயும், தமிழைச் சின்னதாக அடியிலும் எழுதுவார். ‘கீரிமலை’ என்பது யூக்கலிப்டஸ். ‘மார்கழி’ என்பது ரம்பையும் எலுமிச்சைப் புல்லும் அவித்த தண்ணீர். பாதுகாப்புப் பொருள் எதுவும் சேராத சுத்த இயற்கை. யன்னல் கட்டில் மூன்று கிழமை இருந்த பிறகு இயற்கை தன் வேலையைக் காட்டி, உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் நூல் விட்டது. ‘தோடம்பழம்’ நல்ல வாசம்தான். ஆனால் அந்தத் தோலில் இருக்கிற லிமோனீன் சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கக்கூடியது; மலிவு போத்தலின் மூடி இளகிக் கையோடு வந்தது. அதன் பிறகுதான் மண்ணிறக் கண்ணாடிப் போத்தலுக்கு மாறினார்.

எல்லாவற்றுக்கும் மேலானது ‘நல்லூர்’. திருவிழாக் காலத்து வீதியை அப்படியே போத்தலில் அடைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு: சந்தனம், மல்லிகை, கற்பூரம். கற்பூரம் மதுசாரத்தில் குறை சொல்லாமல் கரையும். தண்ணீர் பட்டதும் மனம் மாறி வெள்ளைப் பளிங்காகத் திரும்பி வந்து, ஸ்ப்ரேயின் மூக்கை அடைத்துவிடும். ஊசியால் குத்தி, சுடுதண்ணீரில் ஊறவைத்து, வாயால் ஊதிப் பார்த்து அண்ணை செய்யாத வைத்தியம் இல்லை. ஒருநாள், தண்ணீரே வேண்டாம் என்று முழு மதுசாரத்தில் கலந்து, அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா, விளக்கேற்றிவிட்டுத் திரும்பச் சாமித்தட்டுக்கு நேரே அடித்தார். நீலமாக ஒன்று எழும்பி அடங்கியது. முருகன் படத்துக்குச் சேதமில்லை. அண்ணையின் இடது புருவம் வளர்ந்து வர வைகாசி ஆகிவிட்டது.

ஆளைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் பரம்பரை பெரியது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் வாசனைக் கலவைக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். பதினாறு பொருட்களில் நாலு நாலாக எடுத்தால் 1820 விதமாகக் கலக்கலாம் என்று கணக்கும் போட்டிருக்கிறார். கணிதச் சரித்திரக்காரர்கள் அதைச் சேர்மானக் கணக்குக்கு உதாரணமாக மதிக்கிறார்கள். எனக்கென்னவோ, அந்தக் கணக்கைக் கேட்ட வராகமிகிரரின் மனைவியின் முகம்தான் கண்ணில் வருகிறது.

அண்ணைக்கு உண்மையான எதிரி குசினி. பொரிக்கும்போது எழும்புகிற நுண்ணிய எண்ணெய்த் துளிகள் வாசத்தையும் சுமந்துகொண்டு போய்த் திரைச்சீலையிலும் கம்பளிக் கோட்டிலும் குடியேறுகின்றன. அடுப்புக்கு மேலே இருக்கிற உறிஞ்சி, பழைய கட்டடங்கள் பலவற்றில் புகையை வெளியே அனுப்புவதில்லை. வடிகட்டி ஒன்றுக்குள்ளால் விட்டு அதே குசினிக்குத் திருப்பித் தருகிறது. வெளியே மைனஸ் இருபது. யன்னலைத் திறக்க அண்ணைக்கு மனம் வராது. காற்றில் எவ்வளவு லவெண்டர் அடித்தாலும் கோட்டில் இருக்கிற சூடைமீன் பொரியல் அசையாது. அவர் ஒருமுறை கோட்டுக்கே அடித்துக்கொண்டு மருத்துவரிடம் போனார். வாசனைப் பொருள் பூசி வர வேண்டாம் என்று சுவரில் எழுதியிருக்கிற இடம் அது. பக்கத்தில் இருந்தவர் இருமத் தொடங்க, அண்ணை நடைபாதைக் கதிரைக்கு மாற்றப்பட்டார்.

அக்காவின் முறை வேறு. கோட்டுகளைக் குசினிப் பக்கத்திலிருந்து எடுத்து அறை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவார். மீன் பொரித்த நாளென்றால் அவற்றை இரவு பல்கனியில் குளிருக்குத் தொங்கவிடுவார். பத்து நிமிடத்துக்கு இரண்டு பக்க யன்னலையும் திறந்துவிடுவார். செலவு ஒரு சதமும் இல்லை. என்னுடைய வாக்கு அக்காவுக்குத்தான். தேயிலைமர எண்ணெய் பூனைக்கு நஞ்சு என்று மேல்மாடிப் பெண் வந்து அழுதபோது அந்தப் போத்தலைக் குப்பையில் போட்டதும் அக்காதான்.

அண்ணை தளராததற்குக் காரணம் அவருடைய மூக்கு. ஒரே வாசத்துக்குள் இருக்கிற மூக்கு சில நிமிடங்களில் அதைப் பற்றிச் செய்தி அனுப்புவதை நிறுத்திவிடும்; மனித மூக்கின் இயல்பு அது. ஆகவே குசினி மணப்பதும் அவருக்குத் தெரியாது, ஸ்ப்ரே மணப்பதும் தெரியாது. தெரியாததால் “காணாது” என்று இன்னும் இரண்டு அடிப்பார். வந்திருக்கிற விருந்தாளி கண்ணைத் துடைத்துக்கொள்வார். அண்ணை அதை உருக்கம் என்று எடுத்துக்கொள்வார்.

செய்து குவிப்பதை என்ன செய்வது? வீடு குடிபுகுதல், பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா என்று எங்கே போனாலும் ரிப்பன் கட்டிய போத்தலோடு போவார். மொன்றியலில் ஏராளமான சனம் ஜூலை 1ஆம் திகதி வீடு மாறும்; அன்றைக்கு அண்ணைக்குக் கை ஓயாது. வாங்கியவர்கள் அலுமாரிக்குள் வைப்பார்கள். அலுமாரி நிறைந்ததும் அடுத்தவர் வீட்டு விழாவுக்கு ஒன்றை எடுத்துப் போவார்கள். அண்ணையின் கையெழுத்து ஊருக்கே தெரியும் என்பதால் லேபலை மட்டும் சுடுதண்ணீரில் உரித்துவிடுவார்கள்.

அப்படித்தான் போன வருடம் அண்ணையின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு ‘நல்லூர்’ அவரிடமே வந்து சேர்ந்தது. தந்தவர் கோயில் பொருளாளர். அண்ணை ஆவலோடு மூடியைக் கழற்றி அமத்தினார், வரவில்லை. இன்னொரு முறை அமத்தினார். ஓரத்தால் கொஞ்சம் கசிந்தது. மணந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, அடியில் படிந்திருந்த வெள்ளைப் பளிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கற்பூரம் கூடிப்போச்சு. தண்ணியையும் முதல்லை விட்டிருக்கிறான். இஞ்சை பார், ஆரோ அரைகுறையின்ரை வேலை.”

அக்கா கேக் வெட்டுகிற கத்தியைத் தேடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். பொருளாளர் கூரையைப் பார்த்தார்.

“ஆள் ஆரெண்டு சொல்லும் தம்பி,” என்றார் அண்ணை. “சனிக்கிழமை அனுப்பி விடும். நான் பழக்கி விடுறன்.”