பரணில் ஒரு உடுக்கை

கே: கோயில் நோம்பியில் உடுக்கை அடித்துப் பாடிய அண்ணமார் கதையை எங்கள் தாத்தா கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறார். இத்தனை வருடம் கழித்து அது பாடுமா?
– வாசகர், திருச்செங்கோடு

ப: பெரும்பாலும் பாடும். ஆசையில் உடனே டேப்ரிக்கார்டரில் போட்டுவிடாதீர்கள்! டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது; ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தாவும். சுத்தமாக இருந்தால், டேப் தெரியும் பக்கத்துக்கு எதிர் விளிம்பிலுள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் முதலில் உடைத்துவிடுங்கள். அப்போதுதான் தாத்தா பதிந்த உடுக்கை மேல் பேரனின் இருமல் பதியாது. பிறகு நல்ல டெக்கில் ஓட்டி, கம்ப்யூட்டரில் வேவ் கோப்பாக ஏற்றுங்கள். எம்பி3 வேண்டாம், ரொம்பச் சுருக்கினால் உடுக்கை அடியின் கூர்மை மழுங்கிவிடும். இரண்டு மூன்று பிரதிகள் எடுத்து வேறு வேறு வீடுகளில் வையுங்கள்.

காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965-இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் இதே கதையை டேப்பில் பதிந்தார். பின்னால் அது புத்தகமாகவே வந்தது. அயர்லாந்துக்காரர்கள் தங்கள் மரபிசைக்கென்று 1987-இலேயே டப்ளினில் காப்பகம் தொடங்கிவிட்டார்கள். கொங்கு நாட்டின் உடுக்கைக்கும் அப்படி ஒன்று கட்டாயம் வேண்டும். அதுவரை உங்கள் பரண்தான் காப்பகம். பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டுக் கேசட் அட்டையில் எழுதிவிடுங்கள்.