கொள்ளு ரசத்தின் மகிமை

2018 ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, என் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்துக் கொடுத்தார்கள். அப்போது நான் 128 கிலோ. அலுவலகத்தில் குடலிறக்கம் என்று லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். அது முதல் பொய். இரண்டாவது பொய்தான் கொள்ளு ரசம்.

நம்மூரில் ஒருவன் இளைத்தால் கேட்பதற்கு ஒரே கேள்விதான் உண்டு. "சுகரா?" ஆறு மாதத்தில் 35 கிலோ இறங்கிய என்னைப் பார்த்துத் தெருவில் கேட்காத ஆளில்லை. உண்மையில் பத்து வருடமாக இருந்த சுகர் அப்போதுதான் அடங்கி, மாத்திரையை நிறுத்தியிருந்தேன். இருந்த காலத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

நாலாம் மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. எடை வேகமாக இறங்கினால் அப்படித்தான், திரும்ப வளரும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். தெருவுக்கு யார் சொல்வது? எதிர் வீட்டு அத்தை என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஆஸ்பத்திரியில காட்டுறீங்க?" என்று அழுதேவிட்டார். இனியும் சும்மா இருந்தால் மாலையோடு வந்துவிடுவார்கள் என்ற நிலையில் வாயைத் திறந்தேன். "ஒண்ணுமில்லத்தை, கொள்ளு ரசம். காலையில தெப்பக்குளத்தைச் சுத்தி நடை." கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று எங்கள் பாட்டி சொன்னது சமயத்தில் கைகொடுத்தது.

உண்மையைச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டு வந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருகிற அதே ஜனம், எடைக்கு ஆபரேஷன் என்றால் "வாயைக் கட்ட முடியலைன்னு வயித்தைக் கட்டிட்டான்" என்று சொல்லும். 128 கிலோவைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கல்யாண வீடுகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பரிமாறுகிறவரிடம் "கொஞ்சமா" என்றால் ஒரு கரண்டி, "போதும்" என்றால் இரண்டு கரண்டி. எனக்கோ நாலு வாய்ச் சோறு இறங்கினால் கதவு சாத்திவிடும். சாப்பாட்டோடு தண்ணீரும் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். முழு இலையை முன்னால் வைத்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்கி நொறுக்கி நேரத்தைப் போக்குவேன். ஒரு முறை பெண்ணின் அப்பாவே வந்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஏதாவது மனசு கஷ்டப்படுத்திட்டாங்களா?" என்று காதில் கேட்டார். அன்றிலிருந்து மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு முன்பே நழுவிவிடுகிறேன். மனைவிக்கு அதில் வருத்தம். மொய்க்குத் தகுந்த சாப்பாடு வீட்டுக்கு வரவில்லையாம்.

மாத்திரை டப்பா இல்லாமல் வெளியூர் போக முடியாது. பி12, இரும்புச் சத்து, கால்சியம், எல்லாம் ஆயுள் சந்தா. இரும்பும் கால்சியமும் பேச்சுவார்த்தை முறிந்த சம்பந்திகள் மாதிரி. ஒருவர் வந்து போய் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மற்றவர் வரவேண்டும்.

இத்தனையும் பழகிவிட்டது. பழகாதது அந்த வாழைப்பழத்தின் புத்தி. அது ஒரு விசித்திரமான வாட்ச்மேன். தினம் 60 கிராம் புரதமாவது வேண்டும் என்று டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த கோழிக்கறியை நெஞ்சிலேயே நிறுத்தி ஊர், பேர் விசாரிக்கும். பரோட்டாவைத் தெருமுனையிலேயே மடக்கித் திருப்பி அனுப்பும். மிக்சரும் காராச்சேவும் வந்தால் கேட்டை அகலத் திறந்து சல்யூட் அடிக்கும். ஜிகர்தண்டாவுக்குக் கேட்டே கிடையாது. நொறுங்கினதும் கரைந்ததும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். பத்தே நிமிடத்தில் மறுபடியும் இடம் காலி. ஆபரேஷன் முடிந்த புதிதில் பசியே தெரியாது. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த பாகத்தில்தான் சுரந்ததாம். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடுவதற்குப் பசி எதற்கு?

2019 தீபாவளிக்கு முன்னால் 79 கிலோவைத் தொட்டேன். அடுத்த வருடம் ஊரடங்கு. வீட்டில் நான், என் லேப்டாப், மிக்சர் டப்பா. 2023-இல் 94.

தலையைக் குனிந்துகொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் திட்டவில்லை. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி நடந்த ஆய்வைச் சொன்னார். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு, பிறகு கொஞ்சம் ஏறித்தான் நின்றார்களாம். பத்தாம் வருடத்தில் பைபாஸ் வகை செய்தவர்களுக்குச் சராசரியாகப் பழைய எடையில் 25 சதவீதம் குறைவு. என் கணக்கு அப்போது 26-ஐத் தாண்டியிருந்தது. ஆபரேஷன் வேறு வகைதான். இருந்தாலும் ஸ்வீடனை முந்திய ஆறுதலோடு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் சூடாக மசால் வடை போட்டுக்கொண்டிருந்தான். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

சொல்ல வந்தது அண்ணாச்சியைப் பற்றி. பக்கத்து வீடு, ரிட்டயர்டு ஆள், 2018-இல் 96 கிலோ. என் இரண்டாவது பொய்யை அத்தை மூலம் கேள்விப்பட்ட மறுநாளே தெப்பக்குளத்துக்குக் கிளம்பிவிட்டார். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கும் மேலே வரும். அவர் நாலு சுற்று. வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் கொள்ளு. ஒன்றரை வருடத்தில் 82-க்கு வந்தார், இன்றுவரை அங்கேயே நிற்கிறார். பார்க்கிறவரிடமெல்லாம் என்னைக் காட்டி, "தம்பிதான் என் குரு" என்பார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

94-இல் என்னைப் பார்த்த அன்று அவர் முகம் வாடிவிட்டது. "கொள்ளை விட்டுட்டீங்களா தம்பி?" மறுநாள் காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டினார். அன்றிலிருந்து இரண்டு பேரும் தெப்பக்குளம். அவர் முன்னால், குரு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி ரசம் வருகிறது. மிக்சர் டப்பா இருந்த அலமாரிக்குப் பூட்டும் வந்துவிட்டது.

போன மாதம் 91. "என்ன செஞ்சீங்க?" என்றார் டாக்டர்.

"கொள்ளு ரசம் சார். காலையில தெப்பக்குளத்தைச் சுத்தி நடை."

அவர் சிரித்துவிட்டு, "விளையாடாதீங்க, உண்மையைச் சொல்லுங்க" என்றார்.

அண்ணாச்சி இந்தப் பத்திரிகையை நூலகத்தில்தான் படிப்பார். தெப்பக்குளம் பக்கத்து வாசகர்கள் யாராவது முந்திக்கொண்டு போய் இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.