ஓதம் கேட்டால் ஒளிக்காமல் சொல்வேன்!

கே: மழை நின்று வாரமாகிறது. மாடி காய்ந்து கிடக்கிறது. ஆனால் சீலிங்கில் ஈரத் திட்டு பெருத்துக்கொண்டே போகிறதே? (சைதாப்பேட்டை)

ப: தண்ணீர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, நடுவே இருக்கிறது. தட்டோட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் குடியிருக்கின்றன. ஓட்டு இணைப்பு விரிந்தால் ஐப்பசியில் குடித்ததை மார்கழியில் நிதானமாகக் கக்கும். திட்டுக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள்; வாட்டத்தின் மேட்டுப் பக்கம் போங்கள். ஒவ்வொரு ஓடாகத் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அங்கே விசாரணை.

கே: மேலே ஈரம் இருந்தால் வீடு குளுகுளுவென்று இருக்காதோ? (திருச்சி)

ப: மாடியில் தெளித்த தண்ணீர் ஆவியாகும், குளுமை. உள்ளே சிக்கியதோ போக வழியில்லாதது. ஜல்லித் தளம் வெயிலைத் தடுப்பதே அதன் நுண்துளைகளில் நிற்கும் காற்றால்தான். அந்த இடத்தைப் பிடிக்கும் தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட கதை.

கே: ஈரம் சுவரிலா, அறைக் காற்றிலா? எப்படிக் கண்டுபிடிப்பது? (வேளச்சேரி)

ப: ஓரடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் பின்புறம் வியர்த்தால் சுவர். முன்புறம் வியர்த்தால் அறை. வீட்டுக்குள் துணி உலர்த்தும் ஆசாமியைப் பிடியுங்கள். அது நீங்களே என்றால் கமுக்கமாக இருந்துவிடுங்கள்.

கே: "ஒரு கோட் டேம்ப் ப்ரூஃப் அடிச்சா போதும் சார்" என்கிறாரே பெயின்டர்? (மதுரை)

ப: அவருக்குப் போதும். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் பூசினால் உப்பு பூத்து, பெயின்ட் கொப்புளித்து, அடுத்த பொங்கலுக்கும் அவரே வருவார்.

கே: டொரான்டோவில் தம்பி வீட்டில் சுவருக்கு உள்பக்கம் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள். என் ஏசி அறைக்கும் அப்படியே செய்யலாமா? (அடையாறு)

ப: வேண்டாம் தாயே! ஈரம் சூட்டுப் பக்கத்திலிருந்து குளிர்ப் பக்கம் நோக்கி வரும். ஜனவரி டொரான்டோவில் சூடு வீட்டுக்குள்; அடையாறில் வெளியே. அங்கே அந்தத் தாள் ஈரத்தைச் சுவருக்குள் விடாது. இங்கே அதே தாள், வெளியிலிருந்து நுழைந்ததைக் குளிரவைத்துச் சுவருக்குள்ளேயே தண்ணீராக்கும். தம்பியிடம் மேப்பிள் சிரப் கேளுங்கள், யோசனை கேட்காதீர்கள்.

கே: ஏசி குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. கேஸ் போடணுமாம்? (கோவை)

ப: முதலில் செம்புக் குழாயின் கறுப்பு நுரை உறை கிழிந்திருக்கிறதா பாருங்கள். குளிர்ந்த செம்பைக் கண்டாலே காற்றிலுள்ள ஈரம் கட்டிக்கொள்ளும். உறை மலிவு. அதனால்தான் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கே: அந்தக் கால மெட்ராஸ் டெரஸில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்களாமே. நானும் சேர்க்கட்டுமா? (மயிலாப்பூர்)

ப: சேர்த்தார்கள். கூடவே வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கினார்கள். இன்றைய கொத்தனார் "மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்" என்பார். வெல்லத்தை மட்டும் ஊற்றினால் எறும்புதான் வரும்.