சாதுவனுக்கு க்ளெய்ம் கிடைத்திருக்குமா? சொகுசுக் கப்பல் காப்பீடு குறித்து ஓர் ஆய்வு

என் மச்சினன் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய், மெரினா பேயில் சொகுசுக் கப்பல் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துத் திரும்பப் போகிறான். “எந்த இன்ஷூரன்ஸ் எடுக்கலாம் மாமா?” என்று போனில் கேட்டான். தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் இதைக் கேட்டது அவன் பிழை. ஆய்வுக்குக் களம் மூன்று பாலிசிப் பத்திரங்கள். கருவி ஒரு பூதக்கண்ணாடி.

முதலில் முன்னோர் கருத்து. கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறார் தொல்காப்பியர். இதற்கு உரைகாரர்கள் ஏதேதோ காரணம் தேடினார்கள். நால்வர் குடும்பத்துக்குப் பிரீமியம் போட்டுப் பார்த்த எனக்கு அவர் சொன்னதன் காரணம் உடனே விளங்கிவிட்டது.

மேல்நாட்டார் வரலாறும் சற்றுப் பார்ப்போம். காப்பீடு பிறந்ததே கப்பலுக்காகத்தான். கிடைத்திருக்கும் மிகப் பழைய ஒப்பந்தங்களுள் ஒன்று 1347-இல் ஜெனோவாவில் எழுதப்பட்டது. லண்டனில் எட்வர்ட் லாயிட் நடத்திய காபிக் கடைதான் பின்னாளில் லாயிட்ஸ் ஆயிற்று. ஆனால் அங்கே காபி குடித்தவர்கள் கவலைப்பட்டதெல்லாம் கப்பலையும் சரக்கையும் பற்றி. அதில் போகிறவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இனி மூலபாடம். மணிமேகலையில் வரும் சாதுவன் சூதில் பொருளைத் தொலைத்துவிட்டுக் கடலேறுகிறான். கப்பல் உடைகிறது. மரத்துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் கரையேறுகிறான். தப்பி ஊர் வந்தவர்கள் அவன் இறந்துவிட்டதாகச் சொல்ல, மனைவி ஆதிரை தீயில் இறங்குகிறாள். தீ சுடவில்லை. கணவன் உயிரோடு இருக்கிறான் என்று அசரீரி சொல்கிறது. நாகர் மலையிலோ அவர்கள் தலைவன் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்ல, சாதுவன் மறுத்து அறம் உரைக்கிறான். முன்பு உடைந்த கப்பல்களிலிருந்து எடுத்து வைத்த பொருளை நாகர் அவனுக்குக் கொடுக்கிறார்கள். சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பலில் ஊர் சேர்கிறான்.

அறிஞர்கள் இதைக் கற்பின் கதை என்பார்கள். என் கணிப்பில் இது ஒரு க்ளெய்ம் கோப்பு. நாமினியான ஆதிரையிடம் இறப்புச் சான்றிதழ் இல்லை, அசரீரியோ எதிர்சாட்சி. தள்ளுபடி. சரக்கு இழப்பை நாகரே ஈடுகட்டிவிட்டார்கள். ஒரே நஷ்டத்துக்கு இருமுறை பணம் வாங்க முடியாது. அதுவும் தள்ளுபடி. ஊர் திரும்பிய கப்பல் கட்டணத்தைக் கேட்கலாம், சந்திரதத்தன் ரசீது கொடுத்திருந்தால்.

ஆனாலும் சாதுவனை நான் கைகூப்பித் தொழுகிறேன். அவன் கள்ளை மறுத்தான். போதையில் நேர்ந்த காயத்துக்குப் பணம் இல்லை என்று என் கையிலிருந்த மூன்று பத்திரங்களும் ஒரே குரலில் சொல்கின்றன. சொகுசுக் கப்பலோ, நாளுக்கு இத்தனை டாலர் என்று மதுவுக்குத் தனியாகப் பேக்கேஜ் விற்கிறது. பேக்கேஜையும் வாங்கி, அதைப் பயன்படுத்தினால் பயன்படாமல் போகக்கூடிய பாலிசியையும் வாங்கிக்கொண்டு ஒருவன் கப்பலேறுகிறான். நீச்சல் குளத்தருகே அவன் வழுக்கி விழுந்தால், கப்பல் டாக்டர் தன் குறிப்பில் ஈரத் தரையை எழுதுகிறாரா, வாயில் அடித்த வாடையை எழுதுகிறாரா என்பதில் இருக்கிறது அவன் தலையெழுத்து.

கப்பல் டாக்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. அங்கே அட்டையை நீட்டிக் காசில்லாமல் வைத்தியம் பார்ப்பது பெரும்பாலும் நடக்காது. பில் டாலரில் அறைக் கணக்கில் ஏறும். நாம் கட்டிவிட்டு ஊர் வந்து கேட்க வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் கரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், சில சமயம் ஹெலிகாப்டரில். ஆகவே பெட்டி தொலைந்தால் எவ்வளவு என்று பார்ப்பதை விட்டு, நோயாளியைக் கரை சேர்க்க எவ்வளவு தருவார்கள் என்று முதலில் பாருங்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மறைத்த சர்க்கரை நோயைக்கூடப் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் இதில் ஒரு படி மேல். கப்பல் அந்நாட்டுத் துறைமுகத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் விலகிவிட்டால் அதில் பார்க்கும் வைத்தியத்துக்குப் பணம் தராது. நெஞ்சுவலி கடிகாரம் பார்த்து வர வேண்டும்.

கப்பல் டாக்டர் உத்தரவால் அறைக்குள் அடைபட்டால் நாளுக்கு இவ்வளவு என்று தரும் பிரிவு பிரிட்டிஷ் பாலிசிகள் சிலவற்றில் உண்டு. படித்ததும் சிரித்தேன். 2020 பிப்ரவரியில் யோகஹாமாவில் 3,711 பேரோடு டயமண்ட் பிரின்சஸ் நிறுத்தப்பட்டதும், பயணிகள் அறைக்குள்ளேயே நாட்களை எண்ணியதும் நினைவுக்கு வந்தன. சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் புடவை பேரம் பேசிக் கப்பலைத் தவறவிட்டால் எந்தப் பாலிசியும் உதவாது. இதை மச்சினன் மனைவியிடம் சொல்லும் பொறுப்பை அவனிடமே விட்டுவிட்டேன்.

கப்பலில் வைத்தியம் பார்த்து, பில்லைக் காட்டி முழுப் பணமும் வாங்கிய வாசகர் யாரேனும் இருந்தால் நகலோடு எழுதுங்கள். ஆய்வின் இரண்டாம் பாகத்துக்கு ஒரே ஒரு சான்றாவது வேண்டும்.