கலிபர்காரர்

சண்டிலிப்பாயில் எயார் றைபிள் வைத்திருப்பவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். எயார் றைபிளுக்கு எந்தக் கலிபர், அதாவது குழலின் உள்விட்டம், சரி என்று சொல்லக்கூடியவரைத் தேடவே வேண்டாம். உங்கள் வீட்டு மாதுளையை அணில் கோதிவிட்டது என்ற செய்தி காரைநகர் றோட்டுக் கரைத் தேத்தண்ணிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், பின்னேரம் நாலரைக்கு அவர் உங்கள் படலையடியில் நிற்பார். சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். ஒரு காலை மதிலில் ஊன்றிக்கொண்டு, "என்னவாம் அணில்?" என்று தொடங்குவார். அந்தக் கால் மதிலை விட்டு எடுபட ஒரு மணித்தியாலம் செல்லும்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வேர்க்‌ஷொப்பில் இருந்தவர். 1990இல் சண்டையோடு தொழிற்சாலை நின்றபோது அவர் கையில் மிஞ்சியது ஒரு வேணியர் இடுக்கிமானி. அது இன்றைக்கும் சட்டைப்பையில், பேனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேத்தண்ணிக்கடைத் தட்டைவடையின் தடிப்பு வருசா வருசம் எவ்வளவு குறைந்து வந்தது என்பதற்கு ஊரில் உள்ள ஒரே ஆதாரம் அவர்தான்.

இந்த வகை ஆட்களுக்கு யாழ்ப்பாணத்தில் பஞ்சமில்லை. கிணறு வெட்டுமுன்னமே மோட்டருக்கு எத்தனை குதிரைவலு என்று சொல்பவர், கனடாவுக்குப் போகாமலே அங்கத்தைய வீட்டுக்கடன் வட்டியைச் சொல்பவர் எல்லாரும் ஒரே சாதி. யாரிடமும் அந்தப் பொருள் இருக்காது. இருந்தால் பாவித்துக்கொண்டு திரிய வேண்டிவரும். பிறகு கதைக்க நேரம் ஏது?

நம்மவரிடம் துவக்கே இல்லையென்று சொல்ல முடியாது. மூன்று இருக்கிறது. தகப்பன் காலத்துப் பி.எஸ்.ஏ. சைக்கிளின் முன்தகட்டில், ஒன்றில் ஒன்று சாய்த்து நிறுத்தியபடி. பேர்மிங்ஹாமில் துவக்குச் செய்யத் தொடங்கிய அந்தக் கொம்பனி பிறகு சைக்கிளும் செய்தது, சின்னத்தை மட்டும் மாற்றவில்லை. "மூண்டு துவக்கோட எத்தினை சென்றி தாண்டியிருப்பன், ஒருத்தன் கண்டுபிடிக்கேல்லை" என்பது அவருடைய போர்க்கால வீரம்.

ஊருக்குக் கலிபர் என்றால் ஹெலியிலிருந்து சுடும் 'பிப்ரி கலிபர்'தான். ஹெலி சுற்றத் தொடங்கினால் பதுங்குகுழிக்குள் இருந்த சின்னப் பிள்ளைகூட அந்தச் சத்தத்தைப் பிரித்துச் சொல்லும். அந்தச் சொல்லை மாதுளை மரத்தடிக்குக் கொண்டுவந்து, அரைக் கிராம் ஈயத்தோடு பழகவிட்டவர் இவர். அதற்காகவே இவரைச் சகித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

ஒருநாள் ஒரு படலையடியில் கதை இப்படித் தொடங்கியது:

"முதல்ல என்னத்தைச் சுடப்போறாய் எண்டு சொல்லு, தம்பி."

"அணிலை வெருட்டினாக் காணும், மாமா."

"வெருட்டுறதுக்குக் கலிபர் இல்லை. அதுக்குத் தகரப்பேணி."

அன்று அவர் சொன்னதில் உருப்படியான ஆலோசனை அது ஒன்றுதான். ஆனால் அதோடு முடித்துக்கொள்ள அவர் வரவில்லையே.

எயார் றைபிளின் குழலை முறித்து மடக்கினால் உள்ளே ஸ்பிறிங் அமுங்கும். விசையை இழுத்தால் பிஸ்ரன் பாய்ந்து முன்னால் உள்ள காற்றை நெரிக்கும், நெரிபட்ட காற்று குண்டைத் தள்ளும். ஸ்பிறிங்கின் பலம் இவ்வளவுதான் என்று வந்தபிறகு, அதை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் கலிபர் விவகாரம். 4.5 மில்லிமீற்றர் குண்டு அரைக் கிராம் அளவில், செக்கனுக்கு 240 மீற்றர் போகும். 5.5 மில்லிமீற்றர் குண்டு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு, 180 மீற்றர் போகும். இரண்டுக்கும் சக்தி ஏறத்தாழ 16 யூல். இங்கிலாந்துச் சட்டம் லைசென்ஸ் இல்லாத றைபிளுக்கு வைத்திருக்கும் எல்லையும் அதுதான். லண்டன்காரர் கலிபருக்காக இவ்வளவு அடிபடுவதற்குக் காரணமும் அதுவே: பலத்தைக் கூட்ட வழியில்லாதபோது பிரிவினையில்தானே சண்டை வரும். "சின்னன் நேர ஓடும், பெரிசு வளைஞ்சு போய் இடிக்கும்" என்பார் மாமா. 30 மீற்றரில் பெரியது மூன்று நாலு விரல் கூடத் தாழும்.

சரி, எதை வாங்குவது? அது நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் 5.5 என்றால் அவர் ஒலிம்பிக்குக்குப் போய்விடுவார். 2008இல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீற்றர் போட்டிக்கு 4.5தான் விதி. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர், கடுகிலும் சின்னன். நீங்கள் மனம் மாறி 4.5 என்றால், "உன்ர கைக்கு அது நிக்குமே? மண்ணில விழுந்தா எறும்பு கொண்டு போயிடும்" என்று 5.5க்குத் தாவுவார். இரண்டும் வேண்டாம் என்று எழும்பினால், பழைய இங்கிலீஸ் கணக்கில் இவை முதலாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்றும், 6.35 மூன்றாம் நம்பர் என்றும் ஒரு புதுக் கதவைத் திறப்பார்.

ஒருமுறைதான் அவர் மடங்கிப்போனார். இறகு உள்ளதுக்கு 4.5, மயிர் உள்ளதுக்கு 5.5 என்பது லண்டன் வேட்டைக்காரரின் கணக்கு என்று விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"இஞ்சருங்கோ, கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் தின்னுறது வௌவால். அதுக்கு எத்தினையாம் நம்பர்?"

பறப்பது, ஆனால் இறகில்லை. உடம்பெல்லாம் மயிர். மாமா மூன்று நாள் கடைப்பக்கம் வரவில்லை. அணிலைப் பற்றி மாமிக்கு வேறு நிலைப்பாடு: இராமர் தடவிய முதுகில் ஈயம் படக்கூடாது. 2025 மார்ச் 15ஆந் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை பயிரழிக்கும் விலங்குகளை எண்ணச் சொல்லி அரசாங்கம் நாடு முழுக்கக் கேட்டபோது மாமா பென்சிலோடு முற்றத்தில் இருந்தார். குரங்கு, மயில், மலை அணில் என்றுதான் கணக்கு. அவர் வீட்டு முதுகுக்கோட்டு அணில்கள் அரசாங்கக் கணக்கிலும் தப்பிவிட்டன.

போன மாம்பழக் காலத்தில் பக்கத்து ஒழுங்கை மருமகன் ஒருவர், யாரையும் கேட்காமல், ஓர் எயார் றைபிளோடு வந்து இறங்கினார். என்ன கலிபர் என்று அவருக்கே தெரியாது. போதாக்குறைக்கு, சீராக ஓடட்டும் என்று பிஸ்ரன் பக்கம் நல்லெண்ணெய் விட்டிருக்கிறார். நெரிபட்ட காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றும், டீசல் எஞ்சின் வேலைசெய்வது அப்படித்தான். முதல் வெடிக்கு ஒழுங்கை முழுக்கப் புகை. அணில் இருந்த கொப்பிலேயே இருந்தது. கிணற்றடியில் கவிழ்த்து வைத்த பிளாஸ்ரிக் வாளியில் ஓட்டை.

மாமாவுக்கு ஆள் அனுப்பத் தேவைப்படவில்லை. அன்றுதான் அவர் சைக்கிளை விட்டு இறங்கியதை ஊர் கண்டது. வாளியைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். வேணியரை எடுத்து ஓட்டையின் வாயில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அஞ்சு தசம் ஒண்டு காட்டுது. பிளாஸ்ரிக் சுருங்கும். அப்ப இது அஞ்சரை." வாளியை மருமகனிடம் நீட்டினார். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நாலரை எடுக்கச் சொல்லியிருப்பன், தம்பி. இந்த ஓட்டை ஒரு மில்லிமீற்றர் சின்னனாய் இருந்திருக்கும்."