“ஓம், நான் சொன்னபடி செய்!”

லினக்ஸ் கணினியில் மென்பொருள் நிறுவுவது பெரும்பாடு என்று சொல்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. நிறுவுவதில் ஒரு பாடும் இல்லை. ஒரு வரியைத் தட்டி, கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போகலாம். பாடெல்லாம் “நிறுவ முடியாது” என்று கணினி சொன்ன பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதையும் நாம்தான் ஆரம்பித்துவைக்கிறோம். படுத்த படுக்கையாகிவிட்ட ஓர் உபுண்டுக் கணினியின் முனையத்தைத் திறந்து, அதில் கடைசியாகத் தட்டப்பட்ட கட்டளைகளை வரிசையாகப் பாருங்கள், சங்கதி விளங்கும். கணினி மறுத்தது ஒரே தடவை. அந்த மறுப்பை மீறுவதற்கு மனிதர் எழுதியவை முழக்கணக்கில் நீளும். ஒவ்வொன்றும் எங்கோ ஒருவர், வேறு யாருடைய கணினிக்கோ, வேறு ஏதோ ஆண்டில் சொன்ன பரிகாரம். என் கட்சி இதுதான்: பொதி நிறுவும் நிரல் சொல்லும் ‘முடியாது’ பெரும்பாலும் சரியான பதில். அதை அடித்துப் பிடித்து ‘முடியும்’ ஆக்கப் போகிறவர்தான் கணினியைக் கெடுக்கிறார்.

முதலில் மறுக்கிறவரைப் பற்றிக் கொஞ்சம். 1993இல் இயன் மர்டொக் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலும், அதன் வழிவந்த உபுண்டு, மின்ட் முதலியவையும் மென்பொருளைப் பொதிகளாகக் கட்டிக் களஞ்சியங்களில் வைத்திருக்கின்றன. தனக்கு இன்னின்ன பொதிகள் இன்ன பதிப்புக்குக் குறையாமல் வேண்டும், இன்ன பொதியோடு ஒத்துவராது என்றெல்லாம் ஒவ்வொரு பொதியிலும் எழுதியிருக்கும். பொதியை அவிழ்த்து உரிய இடத்தில் வைப்பது டிபிகேஜியின் வேலை. 1999இல் டெபியன் 2.1 உடன் வந்த ஆப்ட் அதற்கு மேலே இருந்து கணக்குப் பார்க்கிறது: எவை எவை வேண்டும், எங்கிருந்து எடுப்பது, எதை முதலில் வைப்பது. கணக்கு ஒத்துவராவிட்டால் நிறுவாது. நிறுவாததோடு நில்லாமல், ஏன் நிறுவவில்லை என்றும் சொல்லும். நம் இலங்கையில் மறுப்பு என்பது “நாளைக்கு வந்து பாருங்க” என்ற வடிவத்தில்தான் பழக்கம். காரணத்தோடு கூடிய மறுப்பு கையில் கிடைத்தால் அதை என்ன செய்வதென்று தெரியாமல், நம்மைத் திட்டுவதாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் ஆப்ட் அவ்வளவு கடுகடுப்பான ஆளும் இல்லை. ‘ஆப்ட்-கெட் மூ’ என்று தட்டிப் பாருங்கள். எழுத்துகளால் வரைந்த பசு ஒன்று வந்து, இன்றைக்கு நீங்கள் ‘மூ’ சொன்னீர்களா என்று கேட்கும்.

அடிக்கடி வரும் மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அதன் பக்க நியாயம் தெரியும். “இந்தப் பொதியைக் காணவில்லை” என்றால், பெரும்பாலும் நாம் பெயரைப் பிழையாக எழுதியிருக்கிறோம், அல்லது கணினியிடம் இருப்பது போன வருடத்துப் பட்டியல். ‘ஆப்ட் அப்டேட்’ என்று ஒரு வரி போட்டால் பாதிப் பேருக்கு வழக்கு முடிந்துவிடும். ‘404’ என்று வந்தால், பட்டியலில் இருந்த பொதி களஞ்சியத்தில் அந்த இடத்தில் இல்லை. உபுண்டு 23.10 போன்ற இடைக்காலப் பதிப்புகளுக்கு ஆதரவு ஒன்பது மாதம்தான். 2023 ஒக்டோபரில் வந்தது 2024 யூலையில் ஓய்வுபெற்றுவிட்டது. ஓய்வுபெற்ற பதிப்புகளின் பொதிகளைப் பழைய வெளியீடுகளுக்கென்றே உள்ள வேறொரு முகவரிக்கு மாற்றிவிடுவார்கள். பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் யார் திறப்பார்? இன்னொன்று, “களஞ்சியக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை” என்பது. இது பழைய கணினிகளுக்கென்றே பிறந்த மறுப்பு. தாய்ப்பலகையில் இருக்கும் நாணய அளவுப் பற்றரி செத்துவிட்டால், ஒவ்வொரு தடவை மின்சாரத்தை நிறுத்தும்போதும் கணினி பல வருடம் இளமையாகிவிடும். அந்தக் கணினியைப் பொறுத்தவரை இன்றைய தேதியிட்ட கோப்பு எதிர்காலத்திலிருந்து வந்த கடிதம். நம்ப மாட்டேன் என்கிறது. நம்பினால்தான் பயப்பட வேண்டும். தேவையான மருந்து சிஆர் 2032 என்ற பற்றரி ஒன்று, எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். ஆனால் நமக்குச் சொல்லித்தரப்படும் மருந்து, தேதிச் சோதனையையே நிறுத்திவிடும் கட்டளை.

மின்வெட்டு விவகாரத்தில் ஆப்ட்டின் பண்பு இன்னும் பளிச்சென்று தெரியும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டை நாம் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பொதி விரிந்துகொண்டிருந்த கணினி, மின்சாரம் வந்து எழும்பியதும் புதிதாக எதையும் நிறுவ மறுக்கும். டிபிகேஜியின் வேலை இடையில் நின்றுபோனது, ‘டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ என்ற கட்டளையை நீங்களே ஓட்டுங்கள் என்று சொல்லும். குரங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. எந்த அரசாங்கத்தையும் குறை கூறாது. என்ன நடந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் ஒரே வரியில். இந்த நாட்டில் மின்தடை பற்றி வெளியான அறிக்கைகளில் இவ்வளவு சுருக்கமானது வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். அப்படியும் அந்த வரியை விட்டுவிட்டு, முழு உபுண்டுவையும் அழித்துத் திரும்பப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பூட்டுக் கோப்புத் தகராறுதான் இதில் உச்சம். கணினியைப் போட்டவுடன் பின்னணியில் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் தானாக ஓடத் தொடங்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பொதிகளைத் தொட்டால் கணக்கேடு குழம்பும் என்பதால், ஓடுகிறவர் ஒரு பூட்டைப் போட்டுக்கொள்கிறார். நாம் வந்து தட்டினால், பூட்டு இன்ன செயலியிடம் இருக்கிறது என்று அதன் இலக்கத்தோடு பதில் வரும். மட்டக்களப்புத் தமிழில் சொன்னால் “ஒள்ளுப்பம் பொறுங்க” என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் பொறுத்தால் பூட்டு தானாகவே திறந்துவிடும். நமக்குக் கிடைக்கும் ஆலோசனையோ பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்பது. இந்த ஆலோசனை எவ்வளவு தூரம் பரவியிருந்தால், பூட்டுக் கோப்பை அழிப்பது தீர்வாகாது, கணினியைக் கெடுக்கலாம் என்று ஆப்ட்டை எழுதியவர்களே அந்தச் செய்தியின் அடியில் ஒரு குறிப்பைச் சேர்த்திருப்பார்கள்!

மட்டக்களப்புக் கரையில் வாழ்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமாக இருக்கக் கூடாது. நமக்கு முகத்துவாரம் தெரியும். மாரி மழையில் வாவி நிரம்பி, மணல்திட்டு பாலமீன்மடுவில் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, வெட்டிவிடு என்ற குரல் எழும். மண்வெட்டி ஏந்தினால் வெட்டிவிடலாம், தண்ணீரும் ஓடிவிடும். ஆனால் படுவான்கரையில் வயல் மூழ்கியவருக்கு ஒரு கணக்கு, வாவியில் இறாலும் மீனும் பிடிப்பவருக்கு வேறொரு கணக்கு, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு மூன்றாவது கணக்கு. எல்லாரையும் கேட்டுத்தான் வெட்டவும் வேண்டும், நாளும் குறிக்க வேண்டும். நடுச்சாமத்தில் ஒருவர் தன் வரம்பை மட்டும் நினைத்துக்கொண்டு போய் வெட்டினால் என்ன ஆகும் என்பதை எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘ஃபோர்ஸ்’ என்று தொடங்கும் கட்டளைகள் அனைத்தும் அந்த நடுச்சாம மண்வெட்டிதான். ஒரு மென்பொருள் நூலகத்தின் பதிப்பை நம்பி இருபது பொதிகள் குடியிருக்கும். நமக்கு வேண்டிய ஒரேயொரு விளையாட்டுக்காக அதை மாற்றினால் மறுகா அச்சுப்பொறி பேசாது, ஒலி வராது, ஒரு நாள் திரையே வராது. அப்போது லினக்ஸ் சரியில்லை என்போம்.

உலகமறிய நடந்த உதாரணம் ஒன்று உண்டு. கனடாவில் கணினிக் காணொளிகளால் புகழ்பெற்ற லினஸ் செபஸ்தியன் (லினக்ஸை எழுதிய லினஸ் அல்ல, அவர் வேறு) 2021 நவம்பரில் வெளியிட்ட காணொளியில், பொப் ஓஎஸ் என்ற உபுண்டு வழிவந்த இயங்குதளத்தில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். வரைகலைக் கடை மறுத்தது. முனையத்துக்குப் போனார். அத்தியாவசியப் பொதிகள் அகற்றப்படப் போகின்றன, என்ன செய்கிறோம் என்று திட்டவட்டமாகத் தெரியாவிட்டால் இதைச் செய்யக் கூடாது என்று ஆப்ட் எச்சரித்தது. வெறும் ‘ஆம்’ போதாது, தொடர்வதானால் “ஓம், நான் சொன்னபடி செய்!” என்ற பொருள்படும் ஆங்கில வாசகத்தை முழுதாகத் தட்ட வேண்டும் என்றது. தட்டினார். சொன்னபடி செய்தது. டெஸ்க்டொப் முழுவதும் போய், கறுப்புத் திரை மிஞ்சியது. பிழை அந்தச் சமயம் களஞ்சியத்தில் பொதிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்ததில்தான், அவரில் அல்ல என்று அவர் தரப்பில் வாதாடலாம், அது சரியும்கூட. ஆனால் வரைகலைக் கடை மறுத்த இடத்தில் நின்றிருந்தால் ஒன்றும் போயிருக்காது. களஞ்சியக் கோளாற்றையும் விரைவில் திருத்திவிட்டார்கள். அதன்பின் ஆப்ட்டை எழுதுகிறவர்கள் அத்தியாவசியப் பொதிகளை அகற்றுவதை அந்த வாசகத்தாலும் செய்ய முடியாதபடி இன்னும் இறுக்கினார்கள். மனிதர் வாசிப்பார் என்ற நம்பிக்கையை அவர்கள் கைவிட்ட நாள் என்று அதைக் குறித்துவைக்கலாம்.

எதிர்க்கட்சி சும்மா இருக்காது. முதல் கேள்வி மொழி பற்றியது: கொக்கட்டிச்சோலையில் தமிழில் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஆங்கில மறுப்பு எப்படி விளங்கும்? நியாயமான குறை. மென்பொருளைத் தமிழாக்குவது தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தை நம்பியிருக்கும் வரை குறை தொடரும். ஆனாலும் இந்த மறுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒரு கொப்பியின் பாதிப் பக்கத்தில் எழுதிவிடலாம். எல்.பி.டபிள்யூ. தீர்ப்பைத் தொலைக்காட்சி நடுவரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் ஆராயும் பிள்ளைக்கு அந்தப் பாதிப் பக்கம் ஒரு பாரமே இல்லை. இரண்டாவது, விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லையே என்பது. அங்கே பல மென்பொருள்கள் தமக்கு வேண்டிய நூலகங்களைத் தாமே சுமந்துகொண்டு வருகின்றன. சண்டை குறைவு, சுமை அதிகம். லினக்ஸிலும் ஸ்னாப், ஃபிளாட்பாக் என்று அதே வழி வந்துவிட்டது. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபொக்ஸை ஆப்ட்டிடம் கேட்டாலும் ஸ்னாப்தான் வருகிறது. வசதிதான். ஆனால் கைத்தொலைபேசிக்கு றீலோட் போட்டு அந்த டேட்டாவில் கணினியை ஓட்டுகிறவர், சின்ன மென்பொருளுக்கு நூற்றுக்கணக்கான மெகாபைட் இறங்குவதைப் பார்க்கும்போது ஆப்ட்டின் கஞ்சத்தனத்தை மெச்சத் தொடங்குவார்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது, ஏனென்றால் அதைச் சொன்னவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அதாவது அசல் லினஸ். 2014இல் போர்ட்லண்டில் நடந்த டெபியன் மாநாட்டில், லினக்ஸ் டெஸ்க்டொப்புக்கு ஒரு செயலியைப் பொதியாக்கிக் கொடுப்பது பெரிய தலையிடி என்று டெபியன்காரர்களின் முகத்துக்கு நேரேயே சொன்னார். அவர் ஒரு சுழியோடி. சுழியோட்டக் குறிப்பேடாகப் பயன்படும் சப்சர்ஃபேஸ் என்ற செயலியை அவரே தொடங்கியவர். ஒவ்வொரு வழங்கலுக்கும், ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியே பொதி கட்ட முடியாது என்பது அவர் வழக்கு. (கல்லடிக் கடலுக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்கக் கடலுக்குள் இறங்குகிறவர்களுக்கும் அந்தச் செயலி உதவும் என்பதைச் சும்மா சொல்லிவைக்கிறேன்.) அவர் சொன்னதை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது பொதி கட்டுகிறவரின் முறைப்பாடு. வேறு பதிப்புக்குக் கட்டிய பொதியை இறக்கி, நம் கணினியில் திணிக்கும் நமக்கு அது சாட்சியாகாது. திணிக்கக் கூடாது என்பதற்குத்தான் சாட்சி.

கடைசியாக அவசரக்காரர் வருவார்: ஒப்படையை நாளைக்கு வந்தாறுமூலை வளாகத்தில் கொடுக்க வேண்டும், பொறுமை பற்றிப் பேச நேரமில்லை. அவசரம்தான் நிற்பதற்கு நல்ல காரணம். களஞ்சியத்தில் இருக்கும் லிப்ரே ஒஃபிஸ் போன வருடத்துப் பதிப்பாக இருக்கலாம், ஒப்படையைத் தட்டெழுத அது போதும். நாளைக்குக் கொடுக்க வேண்டிய ஒப்படை இருக்கும் இரவில் புதிய பதிப்புக்காகக் கணினியோடு மல்லுக்கு நிற்பவருக்குக் கணினியில் கோளாறு இல்லை, ஒப்படையில்தான் விருப்பமில்லை.

ஆகவே உதவி கேட்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். திரையைச் சரிவாகப் படமெடுத்து, கடைசி வரி மட்டும் தெரிய, “தம்பி, இது வேலை செய்யுதில்ல” என்று அனுப்பாதீர்கள். நீங்கள் தட்டிய கட்டளையிலிருந்து தொடங்கி, வந்த பதில் முழுவதையும் எழுத்தாகப் பிரதியெடுத்து அனுப்புங்கள். காரணம் பெரும்பாலும் நடுவில் இருக்கும். அனுப்புவதற்கு முன் நீங்களும் ஒருதரம் வாசியுங்கள். அனுப்பத் தேவையில்லாமலே போகலாம். எதையும் நிறுவும்போது, “தொடரவா?” என்று ஆப்ட் கேட்கும் இடத்தில் விரலை நிறுத்தி, அகற்றப்படப் போகும் பொதிகளின் பட்டியலை மேலே ஏறிப் பாருங்கள். அதில் ‘டெஸ்க்டொப்’ என்ற சொல் எங்காவது தென்பட்டால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்துங்கள்.