154-ஆம் விதிப்படி ஒரு போன்

சாருடைய போனைப் பிடுங்கிக்கொண்டு போனது ஒரு குரங்கு. டெல்லி சர்தார் பட்டேல் மார்க்கில், ரிட்ஜ் காட்டை ஒட்டிய நடைபாதையில், காலை ஆறே காலுக்கு. இவ்வளவு துல்லியமாக நான் சொல்லக் காரணம், சம்பவ அறிக்கையின் இரண்டாவது பத்தியில் இதெல்லாம் அப்படியே இருக்கிறது. எழுதியவர் சார். யாருக்கு எழுதினார் என்றால், யாருக்கும் இல்லை. நாளைக்கு எவனாவது கேட்டால் இருக்கட்டும் என்று மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறார்.

குரங்கு என்றதும் சாணக்யபுரிக்காரர்கள் புருவத்தைக்கூட உயர்த்த மாட்டார்கள். 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாட்டுக்கு உலகத் தலைவர்கள் வந்தபோது, இந்தப் பக்கத்துக் குரங்குகளை மிரட்டுவதற்காகக் கருமுக லங்கூரின் படத்தை ஆளுயரத்துக்கு வெட்டி ரோட்டோரம் நட்டுவைத்தார்கள். லங்கூர் போலக் குரல் கொடுக்கத் தெரிந்த ஆட்களைச் சம்பளம் கொடுத்து நிறுத்தினார்கள். தலைவர்கள் வந்தார்கள், கை குலுக்கினார்கள், போய்விட்டார்கள். குரங்குகள் மட்டும் நிரந்தர உறுப்பினர்கள்.

போனோடு அது ஏறிய மரம் விலாயத்தி கீகர். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், நம்ம சீமைக்கருவேலம்தான். சார் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். "எங்க ஊரையே தின்ன மரம் தம்பி. இத்தனை தூரம் வந்தும் என்னைய விடமாட்டேங்குது" என்றார். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த என்னிடம், அவர் நம்பருக்கு அடிக்கச் சொன்னார். அடித்தேன். மரத்தின் மேல் நாதஸ்வரம் ஒலித்தது. குரங்கு ஒரு கணம் கேட்டது. பிறகு கையை விரித்துவிட்டது.

தார் ரோட்டில் சிதறிக் கிடந்த போனைக் குனிந்து பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இதை இப்ப தொலைஞ்சதுன்னு போடுறதா, உடைஞ்சதுன்னு போடுறதா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தொலைந்தது என்றால் ஒரு வழி: 2023 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் வந்த சஞ்சார் சாத்தி தளத்தில் போய், போலீஸ் புகார் எண்ணையும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் கொடுத்தால், எந்த சிம் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாதபடி முடக்கிவிடுவார்கள். அந்த எண்ணை போன் வாங்கிய அன்றே டைரியின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்தவர் சார். பெட்டியும் பரண்மேல் இருக்கிறது. உடைந்தது என்றால் இத்தனை ஏற்பாடும் வீண். ஏழு நிமிஷம் தொலைந்திருந்து அதன் பிறகு உடைந்த பொருளுக்கு எந்தத் தலைப்பு என்று அவர் வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார்.

வினய் மார்க், சத்ய மார்க் அரசுக் குடியிருப்புகளில் சாரைப் போல மாடிக்கு ஒருவராவது இருப்பார். மத்திய தலைமைச் செயலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, மேசை மேசையாக நகர்ந்து, ஓய்வு பெறும் நேரத்தில் துணைச் செயலர் நாற்காலியைத் தொட்டவர்கள். பணிவும் சத்தியமும் நீதியும் இந்தப் பேட்டையில் தெருப் பெயர்கள். கௌடில்யருக்கும் தனியாக ஒரு மார்க் உண்டு, நம் தமிழ்நாடு இல்லமும் அதில்தான் இருக்கிறது. சுற்றிலும் தூதரகங்கள். நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் பேசும் தெருக்களில் இவர்கள் கத்தரிக்காய்க்கு ஒப்பீட்டு அட்டவணை போடுகிறார்கள். போன் ஒழுங்காக இருக்கும்வரை சாதாரண மனிதர்கள்தான். அது உடைந்ததும் உள்ளே தூங்கும் கோப்பு கண்விழித்துவிடும்.

சாருக்குத் தொலைபேசித் துறையோடு பழைய உறவும் உண்டு. 1995 ஜூலை 31 அன்று ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து நாட்டின் முதல் செல்போன் அழைப்பைச் செய்தபோது, டெல்லி சஞ்சார் பவனில் எடுத்துப் பேசியவர் அமைச்சர் சுக்ராம். சார் அப்போது அதே கட்டடத்தில் இருந்தாராம். நான் முதல் தடவை கேட்டபோது மூன்று மாடி கீழே இருந்தார். அடுத்த தீபாவளிக்கு அதே மாடிக்கு வந்தார். போன பொங்கலுக்கு அமைச்சர் அறை வாசலில் நின்றார். இன்னும் இரண்டு பண்டிகை போனால் போனை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான் என்று ஆகிவிடும். நான் காத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே கமிட்டி அமைக்கப்பட்டது. 2017-இல் வந்த பொது நிதி விதிகளின் அச்சுப் பிரதி சாருடைய பூஜை அலமாரிக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. அதன் 154-ஆம் விதிப்படி 25,000 ரூபாய் வரையிலான பொருளை விலைப்புள்ளி இல்லாமலே வாங்கலாம். அதற்கு மேல், இரண்டரை லட்சம் வரை, 155-ஆம் விதி: மூன்று பேர் கமிட்டி சந்தையைச் சுற்றிப் பார்த்து, விலையும் தரமும் சரி என்று கூட்டாகச் சான்று தர வேண்டும். பிற்பாடு திருத்தம் ஏதும் வந்திருந்தால் அது ஆபீசுக்கு. வீட்டுக்கு அச்சுப் பிரதிதான். சொந்தக் காசுக்கு இதெல்லாம் எதற்கு சார் என்று கேட்டேன். "பொதுப் பணத்துக்கு இவ்வளவு கவனம்னா, சொந்தப் பணத்துக்கு எவ்வளவு இருக்கணும்?" என்றார். பதில் தோன்றவில்லை. கமிட்டியில் சாருடைய மனைவியான அக்கா ஒருவர், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஒருவர், தொழில்நுட்ப உறுப்பினராக நான். என் தகுதி, சம்பவ இடத்தில் இருந்தது.

மகன் அக்காவின் போனில் முகம் காட்டி, ஐபோன் வாங்குங்கப்பா என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டான். "நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயே செய்றாங்களாம்" என்று அக்கா வழிமொழிந்தார். சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்ரீபெரும்புதூர்ல செய்றதை டெல்லியில எதுக்கு வாங்கணும்? ஊருக்குப் போறப்ப அங்கேயே இறங்கி வாங்கிட்டாப் போச்சு." காஞ்சிபுரத்தில் பட்டும் மணப்பாறையில் முறுக்கும் வாங்கிப் பழகிய குடும்பத்தில் இதை மறுப்பது கஷ்டம்.

இடைக்கால ஏற்பாடாக டிராயரிலிருந்து நோக்கியா 1100 வெளியே வந்தது. 2003-இல் வந்த மாடல், தலையில் டார்ச், உலகம் பூராவும் 25 கோடிக்கு மேல் விற்றது. நேனோ சிம்மை அதில் பொருத்தத் தேவையான பிளாஸ்டிக் சட்டம் பழைய ஃபிலிம் டப்பா ஒன்றில் பத்திரமாக இருந்தது. சார் வீட்டில் எதுவும் தொலையாது. குரங்கு வந்தால்தான் உண்டு.

மறுநாள் முதல் கள ஆய்வு. கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனவர் படியேறும்போது முன்னால் போனவரின் போனை விசாரித்தார். இறங்கும்போது பின்னால் வந்தவரிடம் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று கேட்டார். வேப்பமரத்தடியில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடும் பிரஸ்வாலாவிடம் இருந்தது இந்த வட்டாரத்திலேயே நல்ல போன். அவர் கருத்து நிபுணர் கருத்து என்று தனிப் பத்தியாகக் கோப்பில் ஏறியது. பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு கரோல் பாக் போனார். எல்லைக் காந்தியின் பெயரைத் தாங்கிய கஃபார் மார்க்கெட்டில், மீசை இன்னும் அரும்பாத பையன் ஒருவன் உடைந்த போனைப் பிரித்து, டாக்டர் போல உதட்டைப் பிதுக்கினான். டிஸ்ப்ளே போச்சு, பாடி போச்சு, போர்டு மட்டும் உயிரோடு இருக்கு அங்கிள் என்று ஹிந்தியில் சொன்னான். ரிப்பேருக்கு மூன்று ரேட் சொன்னான். சார் அதை லெட்டர்ஹெட்டில், தேதி போட்டு, முத்திரை வைத்துக் கேட்டார். பையன் விசிட்டிங் கார்டின் பின்புறம் ஒரு எண்ணைக் கிறுக்கிக் கொடுத்தான். "இது செல்லாது" என்று சார் என்னிடம் தமிழில் சொன்னார். ஆனாலும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அரசுப் பணத்தைத் தின்ன நாற்பது வழிகள் உண்டு என்று அர்த்தசாஸ்திரம் பட்டியல் போடுகிறது. போன் கடைகளில் ஏறி இறங்கிய சார் நாற்பத்தொன்றாவதைக் கண்டுபிடித்தார்: டெம்பர்டு கிளாஸ். வரியும் அவரை உறுத்தியது. 2020 ஏப்ரலில் போன்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. "மார்ச்சிலேயே அந்தக் குரங்கு வந்திருக்கக் கூடாதா?"

ஒப்பீட்டு அட்டவணை ஃபுல்ஸ்கேப் தாளில் வளர்ந்தது. மெகாபிக்சல், மில்லியாம்பியர், ஜிபி என்று பத்தி பத்தியாக இருக்கும். அவர் போனில் செய்கிற காரியங்கள் எனக்குத் தெரியும்: காலையில் பிள்ளையார் படத்தோடு வணக்கம் அனுப்புவார், பஞ்சாங்கம் பார்ப்பார், ஹோட்டல் மெனுவைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் படிப்பார். இவற்றுக்கு அட்டவணையில் பத்தி இல்லை. ஒரு நிறுவனம் சரி என்று தோன்றும் வாரத்தில் அடுத்த மாடல் வெளியாகும். உடனே பழைய தாள் ரத்து. தந்தேரஸ் தள்ளுபடிக்குக் காத்தோம், அது வந்ததும் குடியரசு தின தள்ளுபடி இதைவிட நன்றாக இருக்கும் என்றார். நடுவில் முன்னுதாரணம் கேட்டார். எனக்குத் தெரிந்த இரண்டைச் சொன்னேன்.

ஒன்று, 2023 மே மாதம் சத்தீஸ்கரின் கான்கேர் மாவட்டத்தில் நடந்தது. செல்ஃபி எடுக்கும்போது அணை நீரில் போனை விட்ட உணவு ஆய்வாளர் ஒருவர், மூன்று நாள் மோட்டார் போட்டு, லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரை இறைத்து அதை எடுத்தார். போன் வேலை செய்யவில்லை, அவரையும் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கோடையில் அத்தனை தண்ணீர் போனதே என்று சார் வருந்துவார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, மேலதிகாரி அனுமதி இருந்ததா. இருந்தது சார், வாய்மொழியாக என்றேன். சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வாய்மொழியா! அடப்பாவி, ஒரு வரி எழுதி வாங்கியிருக்கலாமே!"

இன்னொன்று திருப்போரூர். 2024-இல் கந்தசாமி கோயில் உண்டியலில் பக்தர் ஒருவரின் ஐபோன் விழுந்துவிட்டது. உண்டியல் திறந்த டிசம்பரில் அவர் போய்க் கேட்டார். உண்டியலில் விழுந்தது சாமிக்கு, வேண்டுமானால் உள்ளே இருக்கும் தகவல்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னார்கள். இதைக் கேட்ட சார் நெடுநேரம் மௌனமாக இருந்தார். "சொத்து வேற, டேட்டா வேறன்னு பிரிச்சான் பாரு... நல்ல நோட்டிங்" என்றார். ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனைப் பாராட்டும் குரல் அது.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்பவர்கள் சாரைப் புரிந்துகொள்ளவில்லை. பணம் அவருக்குப் பொருட்டே அல்ல. பிரஸ்வாலா மகள் கல்யாணத்துக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுத்தவர். பயம் வேறு. முப்பது வருஷம் ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின்னால் ஒரு தணிக்கைக்காரர் நின்று, இதை ஏன் வாங்கினாய், அதை ஏன் வாங்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஆபீசை விட்டு வீட்டுக்கு வந்தாலும் அவர் பின்னாலேயே வருகிறார்.

குடியரசு தின வாரத்தில் முடிவு வந்தது. விலை 24,999 ரூபாய். கடைக்காரர்கள் ஒரு ரூபாய் குறைத்துப் போடுவது வாடிக்கையாளரை ஏமாற்ற என்று நாம் நினைக்கிறோம். சாரைக் கேட்டால், 154-ஆம் விதியைப் படித்தவன் எவனோ அந்தக் கம்பெனியில் இருக்கிறான். தொகை 25,000-க்குள் வந்துவிட்டதால் கமிட்டியே தேவையில்லை. மூன்று மாதம் அலைந்த எங்களுக்கு நன்றி கூறிக் கலைத்தார்.

போன வாரம் வினய் மார்க் வழியே போனவன் மாடியேறினேன். சட்டைப் பையில் நோக்கியா 1100 எட்டிப் பார்த்தது. புதுப் போன் பெட்டிக்குள், மேல் தாள் கிழிக்காமல், மேசைமேல் இருந்தது. பெட்டியின்மேல் கைப்பட எழுதிய ஒரு சான்று. விலைப்புள்ளி இல்லாமல் வாங்கும் பொருளுக்கு, தரமும் விலையும் சரிதான் என்று தனக்கு நேரில் திருப்தி ஏற்பட்டதாக வாங்கியவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்கிறது அந்த விதி. வாசகம் அழகாக இருந்தது. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

"திருப்தி வரட்டும் தம்பி, போட்டுடலாம்."

அக்கா காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "எனக்கே முப்பத்தோரு வருஷமா இன்னும் போடலை தம்பி. இதுக்கு என்ன அவசரம்?"

சார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அந்த ஃபைலு சுத்துல இருக்கு."